மூட்டையும் ஓட்டமும்

கேள்வி: ஒரகடம் கம்பெனியில் ஷிப்ட் முழுக்கப் பெட்டி தூக்குகிறேன். அதற்கு மேல் ஓடவும் வேண்டுமா?
– ஒரு வாசகர், சிங்கப்பெருமாள் கோவில்

பதில்: பாரவண்டி மாட்டை ரேக்ளாவில் பூட்டி ஜெயித்தவர் உண்டா?

சுமைக்குத் தசை பருக்கும். காடையின் ஒரு சிறகில் படிப்படியாக எடை கட்டிப் பார்த்தார்கள் (1993, அமெரிக்கா). சுமார் ஒரு மாதத்தில் அந்தப் பக்கத் தசை மட்டும் பல மடங்கு பெருத்தது. ஓட்டம் செய்வது வேறு வேலை. 1967-இல் ஆய்வாளர் ஜான் ஹாலோசி எலிகளை 12 வாரம் ஓடவிட்டார். தசைக்குள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறக்குறைய இரட்டிப்பானது. உங்களுக்கு இரண்டும் வேண்டும், ஓடுங்கள்.

நைட் ஷிப்ட் முடிந்த காலையில் மட்டும் தூங்கிவிடுங்கள். அந்தக் காடைக்கும் இடையிடையே ஓய்வு நாள் கொடுத்துத்தான் எடையைக் கூட்டினார்கள்.