மூச்சை அடக்கினால் ஏன் திணறுகிறது?

கேள்வி: மூச்சை அடக்கினால் ஒரு நிமிடத்திலேயே திணறுகிறதே, ஆக்சிஜன் அவ்வளவு சீக்கிரமா தீர்ந்துவிடுகிறது?

பதில்: தீரவே இல்லை. உள்ளே இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். வெளியே விடும் மூச்சிலும் சுமார் 16 சதவீதம் மிச்சம் இருக்கிறது. வாயோடு வாய் வைத்து ஊதி உயிரைக் காப்பாற்ற முடிவது அதனால்தான். திணற வைப்பது ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. அது கொஞ்சம் கூடினாலே மூளையின் அடியிலுள்ள முகுளம், 'மூச்சு விடு' என்று உதரவிதானத்தை உலுக்கும். வரவைவிடக் குப்பையில் கண்ணாக இருக்கும் கறாரான வீட்டுக்காரர் அது! கிணற்றில் மூழ்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அந்த வாயு குறைந்து, திணறல் வருமுன்பே ஆக்சிஜன் குறைந்து தண்ணீருக்குள் மயக்கம் வந்துவிடலாம். நீச்சல் பழகும் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.