அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, செல்போன் இருக்கும்போது பீரோவில் கிடக்கும் பழைய சின்ன டிஜிட்டல் கேமராவை வச்சு என்ன செய்ய?
- பாளையங்கோட்டை வாசகர்

பதில்: குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போகும்போது கொண்டு போங்க. ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயிலைப் படம் எடுக்கிற நேரம் பார்த்து, "தேங்காய் வாங்கியாச்சா?" என்று வீட்டிலிருந்து அதில் போன் வராது!

2010-ல் மட்டும் உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் சந்தைக்கு வந்த சாமான் அது. செல்போன்தான் பீரோவுக்குள் தள்ளியது. இப்போது காலேஜ் பிள்ளைகள் தேடி வாங்குகிறார்கள்.

கூந்தன்குளத்துக்கும் போங்க. மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டுவதால், 5 மடங்கு ஆப்டிகல் ஜூம் போதும். டிஜிட்டல் ஜூமைத் தொடாதீங்க. அது படத்தை வெட்டிப் பெரிசாக்கும் வேலை, நாரை கலங்கிப்போகும். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து குளத்து நடுவில் நின்றால், உங்க கேமராவுக்கு அது வெறும் புள்ளி. கண்ணால் பாருங்க.

இருட்டினால் உறைக்குள் போட்டுடுங்க. உள்ளே இருக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. பிளாஷ் வெளிச்சம் சில மீட்டர்தான் போகும். ராத்திரி சாமி புறப்பாட்டில் முன்னால் நிற்பவர் பிடரிதான் பளிச்சென்று விழும்.

இன்னொன்று. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கோயில்களில் செல்போனுக்குத் தடை சொன்னது. "இது செல்போன் இல்லையே" என்று நெல்லையப்பர் கோயில் வாசலில் வாதாடாதீங்க.

பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீங்க, புதுசு வாங்குங்க.