மத்திக்குப் பங்காளி

மடத்து வேலையாக ரோமுக்குக் கிளம்பியபோது மார்ட்டின் லூதருக்கு வயது 27 அல்லது 28. 1510-லா 1511-லா, எந்தக் கோஷ்டிக்காகப் போனார் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் அகஸ்தீன் துறவிகளுக்குள் பங்காளிச் சண்டை. கண்டிப்பான மடங்களையும் சற்றே தளர்வான மடங்களையும் ஒரே நிர்வாகத்தில் சேர்க்கலாமா என்பது வழக்கு. ரோமில் இருந்த தலைமையிடம் முறையிட ஆள் வேண்டும். அகப்பட்டவர் லூதர்.

இடிக்குப் பயந்து சாமியாரான மனுஷர் அவர். 1505-ல் நடுவழியில் மின்னல் வெட்டியதும் ‘புனித அன்னாளே, காப்பாற்று, துறவியாகிவிடுகிறேன்’ என்று நேர்ந்துகொண்டார். சட்டம் படிக்க வைத்த அப்பாவுக்கு வந்த கோபம் இடியைவிடப் பெரிது. அப்பேர்ப்பட்டவர், துணைக்கு ஒரு துறவியோடு, ஆல்ப்ஸைத் தாண்டி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போனார். ரோம் கண்ணில் பட்டதும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

ஊரில் பேதுரு ஆலயத்தின் புதுக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தோடு மைக்கேலாஞ்சலோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நம்மாள் சித்திரம் பார்க்கவா வந்தார்? ஊருக்குத் திரும்புமுன் எவ்வளவு புண்ணியத்தை மூட்டை கட்டமுடியும் என்பதே கவலை. கோயில் கோயிலாக ஓடினார். பீடத்தில் நின்று நிறுத்தி நிதானமாகப் பூசை வைத்தால், நற்செய்தியைத் தொடுமுன்பே பக்கத்துக் குருவானவர் தன் பூசையை முடித்துவிட்டு ‘ம், ஆகட்டும் ஆகட்டும்’ என்று விரட்டினாராம். திருப்பதி ‘ஜருகண்டி’க்கு அண்ணன்.

அப்புறம் அந்தப் படிக்கட்டு. பிலாத்துவின் அரண்மனையில் இயேசு ஏறியது என்று நம்பப்படும் 28 படிகள். முழங்காலிட்டு, படிக்கு ஒரு பரலோக மந்திரம் சொல்லி ஏறினால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகும் ஓர் ஆத்துமாவுக்கு விடுதலை. அப்பா அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார்களே, இப்படியொரு சலுகை வீணாகிறதே என்று லூதர் நிஜமாகவே வருத்தப்பட்டார். சரி, தாத்தாவையாவது கரையேற்றுவோம் என்று ஏறினார். உச்சிப்படியில் மூட்டு கழன்ற நிலையில் ஒரு நினைப்பு: இதெல்லாம் உண்மைதானா, யார் கண்டது?

இதைச் சாவதற்குச் சில மாதம் முன்பு, 1545-ல் ஒரு பிரசங்கத்தில் அவரே சொன்னார். 1582-ல் மகன் பவுல் சொன்னபோது கதைக்குச் சதை போட்டிருந்தது: படிக்கட்டிலேயே வேதவசனம் பளிச்சிட்டு அப்பாவுக்குக் கண் திறந்துவிட்டதாம். அப்படித் திறந்த கண்ணோடு அவர் ஊருக்குப் போய்ப் பல வருஷம் ஒழுங்காகப் பூசை வைத்துக்கொண்டிருந்தாரே, அது எப்படி? ரோமோடு அவரை மோதவிட்ட 95 வாதங்கள் வெளிவந்தது 1517-ல். அதைக் கிளப்பிவிட்டது, அவர் பார்த்துவிட்டு வந்த அதே பேதுரு ஆலயத்துக்கு நிதி திரட்ட விற்கப்பட்ட பாவமன்னிப்புச் சீட்டு. ரோமைப் பற்றி அவர் சொன்ன கதைகளில் முக்கால்வாசி அதற்கும் வெகுகாலம் கழித்து, சாப்பாட்டு மேஜையில், சிஷ்யப்பிள்ளைகள் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது வந்தவை. கேட்க ஆளிருந்தால் யாருக்குத்தான் மெருகேற்றத் தோன்றாது?

அதனால் நான் முழுசாக நம்புவது ஒரே ஒரு கதையைத்தான். லாத்தரன் யோவான் ஆலயத்தில் சனிக்கிழமை பூசை வைக்கும் மகனைப் பெற்றவள் பாக்கியசாலி என்று ரோமில் ஒரு பேச்சு. லூதரும் அம்மாவுக்கு மோட்சம் வாங்கித்தர ஆசையாகப் போனார். உள்ளே நுழைய முடியாத கூட்டம். முண்டிப் பார்த்தார், நடக்கவில்லை. வெளியே வந்து ஒரு ஹெர்ரிங் மீனைத் தின்றார். நம்ம மத்திக்கு ஒன்றுவிட்ட பங்காளி.