உங்கள் பெற்றோருக்குக் கல்யாணம் செய்துவைப்பது எப்படி?

முதலில் ஒரு கார் வேண்டும். டெலோரியன் கிடைத்தால் உத்தமம். கதவு மேல்நோக்கித் திறப்பதால் பார்க்கிறவர்கள் வேற்றுக்கிரக ஊர்தி என்று நினைத்துவிடுவார்கள். யார் பிள்ளை, எந்த ஊர் என்றெல்லாம் விசாரிக்க மாட்டார்கள். நேராகத் துப்பாக்கியைத்தான் எடுப்பார்கள். காலத்தில் பின்னோக்கிப் போக மணிக்கு 88 மைல் வேகமும் 1.21 ஜிகாவாட் மின்சாரமும் தேவை. மின்சாரத்துக்குப் புளூட்டோனியம் வேண்டும். அதை லிபியத் தீவிரவாதிகளை ஏமாற்றி வாங்கினார் விஞ்ஞானி டாக் பிரவுன். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எப்படி வாங்கினாலும் திரும்பி வரும் செலவுக்கும் சேர்த்து எடுத்துப்போங்கள். எடுத்துப்போகாததால்தான் சினிமா நாயகன் மார்ட்டி மெக்ஃப்ளை 1955-இல் ஒரு வாரம் மாட்டிக்கொண்டான்.

'பேக் டு தி ஃபியூச்சர்' படங்கள் 1985, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் வந்தன. மூன்றையும் எத்தனை முறை பார்த்தேன் என்ற கணக்கு என் மனைவியிடம் இருக்கிறது. அவர் அதைச் சொல்லும் தொனி இந்தக் கட்டுரைக்கு ஒத்துவராது. மற்றவர்கள் காரையும் பறக்கும் ஸ்கேட்போர்டையும் பற்றிப் பேசுவார்கள். எனக்கு இது குடும்பப் படம்.

கதை பிறந்ததே அப்படித்தான். எழுத்தாளர் பாப் கேல் ஒருநாள் தன் அப்பாவின் பள்ளிக்கூட ஆண்டு மலரைப் புரட்டினார். அப்பா வகுப்புக்கே தலைவராக இருந்தவர் என்று அதில் போட்டிருந்தது. நானும் அப்போது அங்கே படித்திருந்தால் இந்த ஆளோடு பழகியிருப்பேனா என்று யோசித்தார். நீங்களும் புறப்படுமுன் இதை யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா உங்கள் வகுப்பில் இருந்தால் அவரோடு டிபன் பாக்ஸைப் பங்கிட்டிருப்பீர்களா? பதில் சங்கடமாக இருந்தால் நீங்கள் தயார்.

போய் இறங்கியதும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அப்பாவை விபத்திலிருந்து காப்பாற்றாதீர்கள். ஜார்ஜ் மெக்ஃப்ளை மரத்தில் ஏறி, பைனாகுலரில் ஒரு பெண் உடை மாற்றுவதை எட்டிப்பார்த்துக்கொண்டிருப்பார். (ஆமாம், உங்கள் அப்பாதான். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.) கிளையிலிருந்து விழுவார். வருங்கால மாமனாரின் கார் இடிக்கும். அந்த வீட்டுப் பெண் லொரெய்ன் கட்டுப்போட்டுப் பணிவிடை செய்ய, பரிதாபம் முற்றிக் காதலாகும். மார்ட்டி பாசத்தில் அப்பாவைத் தள்ளிவிட்டுத் தானே அடிபட்டான். பரிதாபம் முழுவதும் அவன் பக்கம் திரும்பிவிட்டது.

பெற்ற தாயே, பெறுவதற்கு முன்னால், மகன்மேல் ஆசைப்படுகிறாள். இந்த இடத்துக்காகவே டிஸ்னி கதையை வேண்டாம் என்றது. மற்ற கம்பெனிகளோ அந்தக் காலத்து வாலிபப் படங்களில் இருக்கும் விரசம் இதில் போதாது என்று திருப்பி அனுப்பின. இத்தனைக்கும் அம்மாவாக நடித்த லியா தாம்சன், மகனாக நடித்த மைக்கேல் ஜே. ஃபாக்ஸைவிட ஒன்பதே நாள் மூத்தவர். அப்பாவாக வந்த கிறிஸ்பின் குளோவர் ஏறக்குறைய மூன்று வயது இளையவர். படப்பிடிப்பில் மகன் அப்பாவை 'தம்பி' என்று கூப்பிட்டிருந்தாலும் முறை தவறியிருக்காது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்றார்களே, அது பெற்றோர் கல்யாணத்துக்கும் பொருந்தும். பெயரிலேயே தொடங்குங்கள். மார்ட்டியின் பெயர் கால்வின் க்ளைன் என்று அவன் அம்மா தானாகவே முடிவுகட்டினாள். உள்ளாடையில் அப்படித்தான் தைத்திருந்தது. அப்பாவிடம் புத்திமதி எடுபடாது. நடனத்துக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிடு என்று மார்ட்டி கெஞ்சிப் பார்த்தான், அசையவில்லை. நள்ளிரவில் கவச உடையோடு வந்து, நான் வல்கன் கிரகத்து டார்த் வேடர் என்று மிரட்டி, தூங்குகிறவர் காதில் வான் ஹேலன் கேசட்டை அலறவிட்டதும் விடியுமுன் இசைந்துவிட்டார். ஒரு படத்தின் வில்லனையும் இன்னொரு தொடரின் கிரகத்தையும் கலந்து அடித்த பொய். 1955-இல் இரண்டுமே இல்லாததால் செல்லுபடியானது. எப்படியோ தைரியம் வந்து அவர் பெண்ணிடம் போனாலும், நான் உன் விதி என்பதற்குப் பதில் உன் அடர்த்தி என்றுதான் உளறுவார். பெண்ணுக்கு அது பிடித்துப்போகும். பொறாமைப்படாதீர்கள்.

நடன நாளான நவம்பர் 12 இரவுக்கு மார்ட்டி போட்ட திட்டத்தை மட்டும் பின்பற்றாதீர்கள். காருக்குள் தான் அம்மாவிடம் தவறாக நடப்பதுபோல நடிக்க வேண்டும், அப்பா கதவைத் திறந்து காப்பாற்ற வேண்டும். நடந்தது வேறு. மார்ட்டியை வெளியே இழுத்துப்போட்டுவிட்டு பள்ளிக்கூட முரடன் பிஃப் டானன் உள்ளே நுழைந்தான், அவன் நடிக்கவில்லை. ஜார்ஜ் இடது கையால் விட்ட அந்த ஒரு குத்தில் பரம்பரையே தப்பித்தது, சரி. ஆனால் முப்பது ஆண்டு கழித்து அதே பிஃப் அந்த வீட்டு வாசலில் கார் துடைத்துக்கொண்டு இளிக்கிறான், அம்மாவும் சாதாரணமாக இருக்கிறார். படத்தில் வேறு எதையும் மன்னித்துவிடுவேன், இதை மட்டும் என்னால் செரிக்க முடியவில்லை.

காதலி இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். முதல் படத்தின் கடைசியில் ஜெனிஃபரும் காரில் ஏறிவிட்டாள். அடுத்த பாகம் வருமென்று தெரிந்திருந்தால் அவளை ஏற்றியிருக்கவே மாட்டோம் என்று இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸ் பின்னாளில் சொன்னார். ஏற்றியாயிற்று, என்ன செய்வது? டாக் பிரவுன் அவளை மயக்கித் தூங்கவைத்துவிட்டார். நடிகையும் மாறினார். பாவம், அந்தப் பெண் இரண்டு பாகங்களில் பெரும்பகுதி குப்பை நடுவிலும் திண்ணை ஊஞ்சலிலும் உறங்கியே கழித்தாள்.

பதினேழு வயதுப் பையனுக்கும் நரைத்த விஞ்ஞானிக்கும் எப்படி நட்பு வந்தது என்று படம் சொல்வதில்லை. சொல்லாததே நல்லது. மார்ட்டி எழுதிய எச்சரிக்கைக் கடிதத்தை, நாளை நடப்பதைத் தெரிந்துகொள்வது ஆபத்து என்று கிழித்துப்போட்ட மனிதர், முப்பது ஆண்டுகள் கழித்து அதையே ஒட்டுப்போட்டு எடுத்துக்காட்டுகிறாரே, மூன்று படங்களிலும் எனக்குப் பிடித்த காதல் கடிதம் அதுதான். மூன்றாம் பாகத்தில் பாத்திரங்கள் இடம் மாறுகின்றன. 1885-இல் கிளாரா என்ற பள்ளி ஆசிரியையைப் பள்ளத்தாக்கில் விழாமல் காப்பாற்றி, ஜூல்ஸ் வெர்ன் கதைகள் பேசியே மனதைப் பறிகொடுக்கிறார் டாக். புத்தி சொல்லும் பெரியவர் வேலை பையனுக்கு வருகிறது. அங்கே மார்ட்டியின் கொள்ளுத்தாத்தாவுக்கும் அப்பாவான ஷேமஸின் மனைவி மேகியாக லியா தாம்சனே வருவார். அவர் ஏற்ற லொரெய்னோ மெக்ஃப்ளை குடும்பத்துக்கு வாழவந்த மருமகள். இந்த முகஜாடை எப்படி என்று ரசிகர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்த குடும்பம் என்பது என் முடிவு.

கல்யாணம் முடிந்துவிட்டது, குடும்பப் புகைப்படத்தில் மறைந்துகொண்டிருந்த அண்ணன் தலை திரும்ப முளைத்துவிட்டது என்று நிம்மதியாக ஊர் திரும்புகிறீர்கள். சிரமமே இனிமேல்தான். குடிப்பழக்கம் இருந்த அம்மா மெலிந்து டென்னிஸ் ஆடிவிட்டு வருகிறார். பயந்தாங்கொள்ளி அப்பா எழுத்தாளர். எல்லாம் நீங்கள் செய்துவைத்த நல்லதுதான். ஆனால் இந்தத் தம்பதியோடு நீங்கள் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை. அவர்கள் சொல்லிச் சிரிக்கும் பழங்கதைகளில் இருக்கும் பையன் நீங்கள் அல்ல. நல்வாழ்வுக்குப் பரிசாகப் பணத்தைக் காட்டும் இந்த முடிவை குளோவரே எதிர்த்தார். அவர் அடுத்த பாகங்களில் நடிக்கவில்லை. அவர் சாயலில் முகத்துக்கு ஒப்பனை போட்ட வேறொருவரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஜார்ஜ் என்றார்கள். குளோவர் வழக்குப் போட்டார். அப்பாவை மாற்றினால் அதே முகத்தோடு வேறு ஆள் வந்து நிற்பார் என்று படமெடுத்தவர்களே செய்து காட்டியது போல ஆயிற்று.

1985-க்குத் திரும்பியதும், லோன் பைன் மாலில் லிபியர்களின் வேன் துரத்த, டெலோரியனில் ஏறி ஒரு பையன் கண்ணெதிரே மறைவதை மார்ட்டி பார்க்கிறான். அந்த நல்ல அப்பாவிடம் வளர்ந்த மார்ட்டி அவன். அன்றிரவு இவன் படுத்தது அவன் கட்டிலில், மறுநாள் சாவி வாங்கியது அவன் வண்டிக்கு. அவன் எங்கே போனான் என்று மூன்று படங்களிலும் ஒருவரும் கேட்கவில்லை.