பெயின்ட் கிடைக்கிறது, மாமா

ட்ராய், மிச்சிகன்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் அனுப்பிய துருப்பிடித்த வண்டியின் படத்தைப் பார்த்து, "அங்கே பெயின்ட் கிடைக்காதா, மாப்பிள்ளை?" என்று வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்கக் கேட்டுவிட்டீர்கள். உங்களுக்கு அது ஒரு வரி. பெரியம்மா அதை வைத்து எனக்கு வேலை போய்விட்டது என்று முடிவு கட்டி, செய்தியை வேலாயுதம்பாளையம் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அம்மா ராத்திரியில் போன் செய்து, டெபாசிட்டை எடுத்து அனுப்பட்டுமா என்கிறார். வேலை இருக்கிறது மாமா. பெயின்டும் கிடைக்கிறது. அந்த வண்டி அப்படித்தான் இருக்க வேண்டும்.

இதற்கு ரேட் ராட் என்று பெயர். உலகப் போர் முடிந்து திரும்பிய பையன்கள் கலிபோர்னியாவில் பழைய ஃபோர்டுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, எஞ்சினை முடுக்கி, காய்ந்த ஏரிகளில் பந்தயம் விட்டார்கள். ஹாட் ராட் என்பது அது. பின்னால் காசுக்காரர்கள் இறங்கி, பெயின்டுக்கே ஒரு கார் விலையைக் கொட்ட ஆரம்பித்தார்கள். காசில்லாதவர்கள் "போங்கடா" என்று துருவோடு ஓட்டினார்கள். நான் இரண்டாவது கட்சி.

மேல்பாகம் 1930 மாடல் ஏ ஃபோர்டு. ஒரு பண்ணையின் கொட்டகையில் கோழி அடைந்துகிடந்தது. எஞ்சின் இல்லை, தரைத்தகடு இல்லை. 900 டாலர். கீழ்ப்பாகம் செவ்ரலே எஸ்-10 பிக்கப், 600 டாலர். ஃபோர்டின் வீல்பேஸ் 103.5 அங்குலம், அந்தச் சின்ன பிக்கப்புக்கு 108.3. ஐந்து அங்குலம்கூட வித்தியாசம் இல்லை. 4.3 லிட்டர் வி6 எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து கிடைத்துவிடும். சி-சேனலாக இருந்த இடங்களுக்குத் தகடு வைத்துப் பெட்டியாக அடைத்திருக்கிறேன், அதனால் சேஸிஸைப் பற்றிக் கவலை வேண்டாம். ரேடியேட்டர் பொங்கினால் தண்ணீர் போய் விழ, அத்தை கொடுத்தனுப்பிய தூக்குப்போசியை மாட்டியிருக்கிறேன். படத்தைப் பெரிதாக்கி அத்தையிடம் காட்டிவிடாதீர்கள்.

பாடியை ஏற்றுவதற்கு முன் வெறும் சேஸிஸை வீட்டுக்கு முன்னால் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். நம் பாடி கட்டும் பட்டறைக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெறும் சேஸிஸ் ஓட்டி வருவாரே டிரைவர், அதே கோலம்தான். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

இந்தக் காலனியில் வீட்டுக்காரர்கள் சங்கம் ஒன்று உண்டு. புல் எவ்வளவு வளரலாம், குப்பைத்தொட்டி எப்போது வாசலுக்கு வரலாம் என்பதெல்லாம் அவர்கள் ராஜ்யம். வண்டி உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் தவிர கராஜ் கதவு மூடியே இருக்க வேண்டும் என்று ஒரு விதி. கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடில் ஆள் காலி. திறந்தாலோ முதல் கடிதம் எச்சரிக்கை, இரண்டாவது 25 டாலர், மூன்றாவது 50.

விதியை வக்கீல் மாதிரி உட்கார்ந்து படித்தேன். எந்த வண்டி, எத்தனை தடவை என்று அதில் இல்லை. அடுத்த சனிக்கிழமை உங்கள் பெண்ணை டொயோட்டாவில் உட்கார வைத்தேன். ஒரு பக்கம் நான் வேலை பார்க்க, மறுபக்கம் அவள் வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்தாள். போரடித்துப்போய் அத்தைக்குப் போன் போட்டாள். "எங்கேயாவது டிராஃபிக்கில் மாட்டிக்கிட்டியா?" என்று அத்தை கேட்டாராமே, அது இதுதான். சங்கத்து ஆள் ஒருவர் எதிர்ச்சாரியில் வெகுநேரம் நின்றார். எப்போது பார்த்தாலும் வண்டி வந்துகொண்டோ போய்க்கொண்டோ இருந்தது. பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் விடுவார்களா? ஓடாத வண்டி வாசலில் நிற்கக் கூடாது என்று அடுத்த கடிதம். ஓடுகிறது என்று காட்ட அவர்கள் முன்னாலேயே ஸ்டார்ட் செய்தேன். மறுநாள் சத்தத்துக்கு ஒரு கடிதம். அதன்பிறகு, வெளியில் தெரியும் எதுவும் அங்கீகரித்த நிறத்தில்தான் இருக்க வேண்டுமாம். அவர்கள் அனுப்பிய அட்டையில் பழுப்பிலேயே பல தினுசு. ஒவ்வொன்றாகக் கதவின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒன்று அச்சாக நம் துரு! படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவதைக் கேட்டால் அடுத்த விமானத்தில் வந்து என் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கிக்கொள்வீர்கள். கதவுக்குக் கீழே தகடு இற்றுப்போயிருந்தது. வெட்டிவிட்டுப் புதுத்தகடு வைத்து வெல்டு அடித்தேன். அது மட்டும் பளபளவென்று மானத்தை வாங்கியது. வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு, உப்பு மூன்றையும் கலந்து தெளித்தேன். சாயங்காலத்துக்குள் அதுவும் பழுத்துவிட்டது. அதன் மேல் லின்சீட் ஆயில் ஒரு பூச்சு, துரு உதிராமல் இருக்க. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கமே இருக்கிறது. பனிக்காலத்தில் ரோடெல்லாம் கல்லுப்பைக் கொட்டுவதால், ஊர் வண்டிகள் அத்தனையும் அடியிலிருந்து அரித்துப்போகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் அந்த உப்பைக் கழுவக் காசு கொடுக்கிறார். நான் காசு கொடுத்து உப்பு வாங்கித் தெளிக்கிறேன்.

இங்கே டிங்கரிங் பட்டறையில் கூலி மிக அதிகம். அதனால் கையால் வேலை செய்கிறவனுக்குப் பெரிய மரியாதை. பிளஸ் டூ லீவில் கேஸ் வெல்டிங் பழகிக்கொள் என்று கூப்பிட்டீர்கள். கம்ப்யூட்டர் கோச்சிங் என்று ஓடினேன். இன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டரில் ஐந்து நாள் சம்பாதித்ததைச் சனிக்கிழமை வெல்டிங் ஒயருக்குக் கொடுத்துவிட்டுச் சிமென்ட் தரையில் மல்லாந்து கிடக்கிறேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் பொடியன் கிடையாது. 13 என்று கையை நீட்டினால் கை அப்படியே நீண்டிருக்கிறது. பதினொரு மணி டீயும் கிடையாது. அதைவிட மோசம், போகிறவன் வருகிறவன் எல்லாம் "ஆசம், ஆசம்" என்று தோளில் தட்டிவிட்டுப் போகிறான். நம் பட்டறையில் என்றால் டீக்கடைக்காரர்கூட நின்று, "கோணலா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளாஸை எடுப்பார்.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்டு அவென்யூவில் பழைய வண்டிகளின் ஊர்வலம், 1995-லிருந்து நடக்கிறது. 1909-லேயே ஒரு மைல் தூரத்துக்குக் கான்கிரீட் போட்ட ரோடு அது. கோடிக்கணக்கில் செலவழித்தவர்களுக்கு நடுவில் நம் தூக்குப்போசியும் போகப்போகிறது. உங்கள் பெண் வரமாட்டாளாம். பேரன் முன்சீட்டுக்கு இப்போதே துண்டு போட்டுவிட்டான்.

அவனை உட்கார வைப்பதால்தான் கேட்கிறேன். பின்பக்கக் கிராஸ் மெம்பரில் நான் அடித்த வெல்டைக் கிட்டத்தில் படம் எடுத்து உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கிறேன். இடது பக்கம் தகட்டில் சரியாக இறங்கவில்லையோ என்று சந்தேகம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். திட்டுவதை வாய்ஸ் மெசேஜில் திட்டிவிடுங்கள். ஜூலைக்குள் சொன்னால் கிரைண்டர் போட்டு எடுத்துவிட்டு மறுபடி அடிக்க நேரம் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை