ஐவகைப் பிழையும் அவற்றைத் திருத்தும் நெறியும்: விண்டோ மேனேஜர் கையேடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

ஆராய்வதற்குப் புதிய பொருள் ஒன்றும் மிச்சமில்லை என்று முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுவோர் புலம்புவதுண்டு. அவர்கள் கண்ணில் படாத நிலம் ஒன்று தரிசாகக் கிடக்கிறது. லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் திரையில் உள்ள ஜன்னல்களுக்குச் சட்டம் போட்டு, நகர்த்தி, அடுக்கி வைக்கும் மென்பொருளுக்கு விண்டோ மேனேஜர் என்று பெயர். அதற்கு ஒரு கையேடு உண்டு. அதில் ஒரு காற்புள்ளி இடம் மாறி நிற்கிறது. ஒருவர் அதைத் திருத்தி அனுப்புகிறார். இன்னொருவர் சரிபார்க்கிறார். மூன்றாமவர் வந்து, இந்தத் திருத்தம் தேவைதானா என்று கேட்கிறார். இம்மூவருக்கும் இதுவரை யாரும் இலக்கணம் வகுக்காதது பெருங்குறை.

நூற்பயன்: இதைக் கற்றவர் பிறர் பிழையைக் கண்டு பதறமாட்டார், தம் பிழையைப் பிறர் காணும்போது மட்டுமே பதறுவார்.

எல்லை

எம்.ஐ.டி.யில் 1984இல் பிறந்த எக்ஸ் விண்டோ சிஸ்டம், ஜன்னல் எப்படித் தோன்ற வேண்டும் என்பது தன் பொறுப்பல்ல என்று கைகழுவி, அதை வேறொரு புரோகிராமிடம் விட்டது. யார் வேண்டுமானாலும் அந்தப் பொறுப்பை ஏற்கலாம் என்றதும் எல்லோரும் ஏற்றார்கள். 1987இல் டாம்ஸ் விண்டோ மேனேஜர் வந்தது. அதன் நிரலிலிருந்து 1993இல் எஃப்விடபிள்யூஎம் கிளைத்தது. அந்தப் பெயரில் உள்ள ‘எஃப்’ எதைக் குறிக்கிறது என்ற வினாவுக்கு, அவரவர் விரும்பிய சொல்லைப் போட்டுக்கொள்ளலாம் என்பதே அதன் ஆவணம் தரும் விடை. ஆகவே அதைத் தவறாக விரித்தவர் என்று எவரையும் குற்றம் சாட்ட முடியாது. பிழை நீக்கும் கலையில் இது உயர்ந்த நிலை.

அதனினும் உயர்ந்தது 2006இல் வந்த டைனமிக் விண்டோ மேனேஜரின் நிலை. அதன் நிரல் 2,000 வரியைத் தாண்டக்கூடாது என்பது விதி. அமைப்பை மாற்ற விரும்புபவர் நிரலையே திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். மேன் பக்கம் எனப்படும் அதன் கையேடும் சுருக்கமானது. பிழையின்றி எழுதச் சிறந்த வழி எழுதாமலிருப்பதே என்பதற்கு இதுவே மேற்கோள்.

ஐவகைப் பிழை

தமிழ் இலக்கணம் ஐந்து; கையேட்டுப் பிழையும் ஐந்தே. எழுத்துப்பிழை, சொற்பிழை, பொருட்பிழை, யாப்புப்பிழை, அணிப்பிழை என முறையே கொள்க.

*எழுத்துப்பிழை.* கண்டதும் தெரியும். கண்டவருக்குப் பெருமிதம் தரும். எவருக்கும் தீங்கு செய்யாது. இதைப் பிடிக்கும் கருவிகளின் பரம்பரை யுனிக்ஸின் பிறப்பையே தொடுகிறது. பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் தனக்கென ஒரு நல்ல கணினியைப் பெற்றதே காப்புரிமைத் துறையின் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து தருவதாகச் சொல்லித்தான். 1975இல் ஸ்டீவன் ஜான்சன் ‘ஸ்பெல்’ என்ற புரோகிராமை எழுதினார். பிறகு டக் மெக்கில்ராய், சுமார் 30,000 சொற்களை 64 கிலோபைட் நினைவகத்துக்குள் நசுக்கி அடக்கினார். அன்று முதல் இன்று வரை அகராதிவழிக் கருவிகளுக்கு ஒரே நோய்: ஐகானிஃபை, கீசிம், சினராமா என்று விண்டோ மேனேஜர் உலகம் நாள்தோறும் வழங்கும் சொற்கள் அத்தனையும் அவற்றுக்குப் பிழையே. இதனால் ‘கோட்ஸ்பெல்’ என்ற பிற்காலக் கருவி உத்தியை மாற்றியது. அது சரியான சொற்களின் பட்டியலை விட்டுவிட்டு, மக்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளின் பட்டியலை வைத்துக்கொண்டது. நல்லோரை எண்ணிக் களைத்தபின் ரவுடிப் பட்டியல் போதும் என்று முடிவெடுத்த காவல் நிலையம் அது.

எழுத்துப்பிழை மூன்று வழிகளில் முடிவடையும். ஒன்று திருத்தம். இரண்டு சமரசம்: எக்ஸின் வண்ணப் பெயர்க் கோப்பில் சாம்பல் நிறத்தை அமெரிக்க முறைப்படி ‘ஏ’ போட்டும் எழுதலாம், பிரிட்டிஷ் முறைப்படி ‘ஈ’ போட்டும் எழுதலாம். கறுப்பிலிருந்து வெள்ளை வரை 0 முதல் 100 என 101 படிகள், இரு நாட்டாரின் மனமும் கோணாதிருக்க ஒவ்வொரு படிக்கும் இரண்டு பெயர், ஆக 202. மூன்று அரியணை: 1996இல் வெளியான எச்டிடிபி ஆவணத்தில் ‘ரெஃபரர்’ என்ற சொல் ஓர் ‘ஆர்’ குறைந்து பதிவானது. இன்று உலகின் பிரவுசர்கள் அனைத்தும் அந்தப் பிழையைப் பிழையின்றி எழுதியாக வேண்டும். கையேட்டில் இருக்கும் வரைதான் அது பிழை. நிரலுக்குள் நுழைந்துவிட்டால் சட்டம்.

*சொற்பிழை.* ஒவ்வொரு சொல்லும் சரி, சேர்க்கைதான் தவறு. வரியின் கடைசியில் ஒரு ‘தி’, அடுத்த வரியின் முதலில் இன்னொரு ‘தி’. கண் தாவிவிடும், கருவியும் வணக்கம் சொல்லி அனுப்பிவிடும். டெபியன் அமைப்பின் சரிபார்ப்புக் கருவியான ‘லின்டியன்’ மட்டும் சற்றே கண்டிப்பான தமிழாசிரியர் போன்றது. ‘அலவ்ஸ் டு’ என்று செயப்படுபொருளை விழுங்கி எழுதினால், நடுவே ‘ஒன்’ சேர்க்கச் சொல்லும். அந்த ஒரு சொல்லுக்காக அனுப்பப்பட்ட திருத்தங்களைத் திரட்டினால் தனி நூலாகும்.

*பொருட்பிழை.* எழுத்து செம்மை, நடை செம்மை, சொன்ன செய்தி பொய். திரை உறைந்துபோனால் கன்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எக்ஸ் நின்றுவிடும் என்று பழைய கையேடுகள் சொல்லும். கைதவறி அழுத்தி வேலையை இழந்தோர் பெருகியதால் 2009 வாக்கில் இவ்வசதி இயல்பாகவே முடக்கப்பட்டது. அதன் பிறகும் அந்த வாக்கியம் இலக்கணச் சுத்தமாக வாழ்ந்தது. பயனர் அழுத்திக்கொண்டேயிருந்தார், திரை அசையவில்லை, வாக்கியத்தில் ஒரு காற்புள்ளிகூடத் தவறவில்லை.

*யாப்புப்பிழை.* வடிவம் கெடுவதால் பொருள் கெடுவது. மேன் பக்கங்களை அச்சேற்றும் ‘குரோஃப்’ மொழியில், ஒரு வரி புள்ளியில் தொடங்கினால் அது வாசகமன்று, கட்டளை. தெரியாத கட்டளை என்றால் சத்தமில்லாமல் வரியை விழுங்கிவிடும். விண்டோ மேனேஜர்களின் ஊழ் என்னவெனில், அவற்றின் அமைப்புக் கோப்புகள் பலவற்றின் பெயர் புள்ளியில்தான் தொடங்கும். எழுதியவர் பத்தியை ஒழுங்குபடுத்தும்போது அப்பெயர் வரித்தொடக்கத்துக்கு நகர்ந்தால் போதும், எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று சொன்ன வரி மட்டும் மாயமாகும். மூலத்தில் வரி இருக்கிறது, திரையில் இல்லை. ஏட்டுச் சுவடியில் செல்லரித்த இடத்துக்காவது துளை சாட்சி நிற்கும். இங்கே அதுவும் இல்லை.

2004இல் ஜான் க்ரூபர் தந்த மார்க்டவுன் என்ற குறிமொழி இதற்கு மறுகோடி. அதில் வரியின் இறுதியில் இரண்டு வெற்றிடம் விட்டால் வரி முறியும். கண்ணுக்குத் தெரியாத இலக்கணக்குறி இது. வரி இறுதி வெற்றிடங்களைக் குப்பை என்று கருதித் துடைக்கும் எடிட்டரில் கோப்பைத் திறந்து மூடினாலே நான்கு வரிப் பட்டியல் ஒரே பத்தியாகிவிடும். திருத்தியவர் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்வார். பார்வைக்கு அது உண்மையும்கூட.

*அணிப்பிழை.* அழகு செய்யப் போய் வருவது. விண்டோ மேனேஜர்கள் பலவற்றை, ஓடிக்கொண்டிருப்பதை அகற்றித் தான் அமரச் சொல்லும்போது, ‘ரீப்ளேஸ்’ என்ற சொல்லுக்கு முன் இரண்டு சிறுகோடு இட வேண்டும். கட்டுரைகளை எழிலூட்டும் கருவி அவ்விரண்டையும் சேர்த்து ஒரே நெடுங்கோடாக்கும். நேரான மேற்கோட்டுக்குறியைச் சுருள் குறியாக்கும். பக்கம் புத்தகம்போல் மிளிரும். அதைப் பிரதியெடுத்து டெர்மினலில் ஒட்டியவருக்குத்தான் கட்டளை புரியவில்லை என்ற பதில் வரும். அவரும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பார். வேறுபாடு ஒரு மில்லிமீட்டர்.

திருத்துவோர் இயல்

திருத்துவோர் மூவர். முதலாமவர் கருவியாளர்: கோட்ஸ்பெல்லை ஏவி ஒரே மூச்சில் நூறு கோப்புகளைத் தொடுவார், எதையும் படித்திருக்க மாட்டார். இரண்டாமவர் பரிசிலர். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் நடத்தும் ஹாக்டோபர்ஃபெஸ்டில், திறமூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்பியவருக்கு டி-ஷர்ட் கிடைத்து வந்தது. 2020இல் ‘அருமையான’ என்பது போன்ற அடைமொழிகளை முகப்புக் கோப்புகளில் செருகிய திருத்தங்கள் வெள்ளமாய்ப் பாய, பராமரிப்பாளர்கள் கதறினார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டுமே என்று அம்மாதமே விதி மாறியது. மூன்றாமவர் மெய்யான வாசகர். இவரை மதித்தவர் கணினி அறிஞர் டொனால்ட் நூத்: தம் நூல்களில் பிழை கண்டவருக்கு 2.56 டாலர், அதாவது பதினாறடிமான முறையில் ஒரு டாலர், 2008 வரை காசோலையாக அனுப்பிவந்தார். காசோலைகளைப் பலர் மாற்றாமல் சட்டமிட்டு மாட்டிக்கொண்டார்கள்.

எதிர்விகித விதி

மேற்கண்டவற்றால் பெறப்படும் விதி இது: பிழையின் தீங்கும் அதைத் திருத்த எழும் ஆர்வமும் எதிர்விகிதத்தில் அமையும். எழுத்துப்பிழைக்கு ஆயிரம் கைகள் நீளும். பொருட்பிழையை நீக்க, மென்பொருளை இயக்கிப் பார்க்க வேண்டும். ஆகவே கைகள் மடங்கும். அணு உலைத் திட்டத்தை இரண்டரை நிமிடத்தில் ஏற்றுவிட்டு சைக்கிள் கொட்டகைக்காக முக்கால் மணி நேரம் வாதாடும் குழுவை 1957இல் எழுத்தாளர் பார்க்கின்சன் வருணித்தார். 1999இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத் திட்டத்தில் பவுல்-ஹென்னிங் காம்ப் அதே கொட்டகையைச் சுட்டிச் சக புரோகிராமர்களைக் கடிந்துகொண்டார். கொட்டகைக்கு என்ன நிறம் என்று எவரும் கருத்துச் சொல்லலாம். சாம்பல் என்று முடிவானால், ‘ஏ’யா ‘ஈ’யா என்று மேலும் ஒரு சுற்று உண்டு.

தடையும் விடையும்

தடை: அங்ஙனமாயின் எழுத்துப்பிழைத் திருத்தம் வீண் அன்றோ?

விடை: அன்று. எஃப்விடபிள்யூஎம் மேன் பக்கம் போன்ற நெடும் பனுவலின் நடுவில் ஓர் எழுத்து பிறழ்ந்திருப்பதாக ஒருவர் எழுதினால், அந்த வரி வரை ஒரு மனிதர் வந்திருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று. கையேடு எழுதுவோருக்கு வேறு சான்று கிடைப்பதில்லை. பல ஆண்டுகளாகத் திருத்தமே வராத கையேடு பழுதற்றது என்று கொள்வது பிழை. படிக்கப்படாதது என்று கொள்க.

புறனடை: பிழை திருத்துவதைக் குறைகூறி எழுதும் எதிலும் ஒரு பிழை இருந்தே தீரும் என்பது 1992இல் ஆஸ்திரேலியரான ஜான் பாங்ஸண்ட் வகுத்த விதி. புகழ்பெற்ற மர்ஃபி விதியின் பெயரை வேண்டுமென்றே எழுத்து மாற்றி ‘மஃப்ரி’ விதி என்றார். இக்கட்டுரையும் அதற்கு உட்பட்டதே.

முடிபு

பராமரிப்பாளர்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே. காற்புள்ளியோடு வந்தவரைக் காற்புள்ளியோடு திருப்பி அனுப்பாதீர்கள். நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டு, அந்தப் பத்தியில் சொன்னபடி செய்தால் ஜன்னல் திறக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பத்தில் ஒன்பது பேர் பதில் போடமாட்டார்கள். பத்தாமவரிடம் கையேட்டையே ஒப்படைத்துவிடலாம்.