டீமேக்கர் பார்த்த ஏசி

அப்புத்தளையில் ஏசி வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்தால் போதும். 1,400 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். மூடுபனி குசினிவரை வந்து, காயப்போட்ட துணியை மறுபடி நனைத்துவிட்டுப் போகும். அக்காவும் மச்சானும் இருக்கும் பதுளை 700 மீட்டர்கூட இல்லாத பள்ளத்தாக்கு. ஆகஸ்டில் கொஞ்சம் வேர்க்கும்தான். ஏசி பூட்டுமளவுக்கு வேர்க்குமா என்பது எங்கள் குடும்பத்தில் தீராத வழக்கு.

மச்சான் கட்டாரிலிருந்து திரும்பியவர். ஏசி இல்லாமல் கண் மூடாது என்று பூட்டினார். மார்கழி அடைமழையில் படுக்கையறை முழுக்க ஈரக் கம்பளி வாடை. "லயத்துக் காம்பராவோட விட்டுட்டு வந்தோம்னு நெனச்சேன். இப்ப ரிமோட்ட அமத்துனா வருது" என்றாள் அக்கா.

சாம்பிராணி போட்டார்கள். மச்சான் கட்டார் அத்தரைத் தெளித்தார். கம்பளிக்கு அத்தர் பூசியதுதான் மிச்சம். வந்து பார்த்த ஏசி பாஸ், கேஸ் முடிந்துவிட்டது என்றார். வாடைக்கும் கேஸுக்கும் என்ன உறவு என்று கேட்டதற்கு விலையைச் சொன்னார்.

கடைசியில் சித்தப்பா வந்தார். ஓய்வுபெற்ற டீமேக்கர். தேயிலை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை இழுத்துக்கொள்ளும்; 1883 முதல் நடக்கும் கொழும்பு ஏலத்தில் மக்கல் வாடை அடித்தால் விலை விழும். அந்த வாடையைப் பிடிக்கும் மூக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை. வாசலிலேயே நின்று, "நனஞ்ச கொழுந்த குமிச்சு வச்சுட்டு ஃபேன நிப்பாட்டிட்டீங்க" என்றார்.

தேயிலை ஸ்டோரில் கொழுந்தைக் கம்பிவலையில் பரப்பி, கீழிருந்து மணிக்கணக்கில் காற்று ஊதி வாட்டுவார்கள். பிறகு அரைத்து, புளிக்கவைத்து, ஏறக்குறைய 3 சதவீத ஈரம் மிஞ்சும்வரை காயவைத்தால்தான் மூட்டை கட்டலாம். ஏசியிலும் அதே கணக்குத்தான். அறையிலுள்ள ஈரம் குளிர்ந்த சுருளில் துளித்துளியாகப் படியும், தட்டில் விழும், குழாய் வழியே வெளியேறும். அது சொட்டும்போதே மச்சான் ரிமோட்டை அமத்தி அணைத்தால், இருட்டு, ஈரம், தூசி மூன்றும் ஒன்றாகக் கிடைத்த பூஞ்சணம் வேறென்ன செய்யும்?

வடிகட்டியைக் கழற்றி வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினோம். வேறொரு பாஸ் வந்து சுருளையும் தட்டையும் சுத்தம் செய்தார். வடிகுழாய் அடைத்திருந்தது: உள்ளே மண்குளவிக் கூடு. தேயிலை மலையில் குளவிக்குப் பயந்து ஓடிய குடும்பம். குளவியோ பதுளை டவுன்வரை தேடி வந்திருக்கிறது.

அணைப்பதற்கு முன் அரைமணி நேரம் குளிரில்லாமல் காற்று மட்டும் ஓடவேண்டும் என்பது சித்தப்பாவின் உத்தரவு. மச்சான் ஒருபடி மேலே போய், மழை முடியும்வரை குளிரே வேண்டாம், காற்று மட்டும் போதும் என்று வைத்துவிட்டார். வாடை போயே போய்விட்டது.

மேசை ஃபேன் என்ன விலை என்று அக்கா கடைகடையாக விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.